செக்கர் வீட்டுப் பெண்

"பதில் தெரிஞ்ச கேள்வியைப் பிள்ளைங்ககிட்ட கேக்காதீங்க" என்றார் பயிற்சியாளர்.

சொன்னது யாரிடம்? ஓடுகிற பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறவனைப் பார்த்து "டிக்கெட் எங்க?" என்று கேட்டுக் கேட்டே காலத்தை ஓட்டிவருகிறவளிடம். கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செக்கரம்மாவுக்குச் சுருக்கென்றது. செக்கரம்மா என்பது டிப்போவில் வைத்த பெயர். தெருவிலும் கடையிலும், கட்டிய கணவன் வாயிலும்கூட அதுவே நிலைத்துவிட்டது.

"ஏன் கேக்கக் கூடாது?" என்றாள்.

"ஏன்னா அது கேள்வி இல்லம்மா, பொறி. பொய் சொல்லுன்னு நாமே பாய் விரிச்சுக் கொடுக்கற மாதிரி."

"எங்க வீட்டுல இருக்கறவளுக்கு நான் எதுக்குப் பாய் விரிக்கணும்? அவ வரும்போதே கட்டிலோட வந்தவ."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அங்கிருந்தவர்கள் எல்லாருமே நலத்துறை ஒப்படைத்த அடுத்தவர் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள். அதிலும் பிள்ளை கைமீறிப் போகிறது என்று புகார் வந்த வீட்டுக்காரர்களை மட்டும் பொறுக்கியெடுத்து இந்த வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். ஆகவே சிரித்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கட்டில் கிடந்தது.

பயிற்சியாளர் அசரவில்லை. அடுத்ததற்குப் போனார். "பிள்ளை எங்கிருந்து ஃபோன் பண்ணாலும், எந்த நிலைமையில பண்ணாலும், உங்க வாயில வர்ற முதல் வார்த்தை 'வர்றேன்'னு இருக்கணும். எங்க, ஏன், யார்கூடன்னு ஆரம்பிக்காதீங்க. இடத்தை அதுவே சொல்லும். போங்க, கூட்டிட்டு வாங்க. வழியிலயும் கேக்காதீங்க."

"வீட்டுக்கு வந்த பிறகாவது கேக்கலாமா?"

"அதுவா சொன்னா கேட்டுக்கங்க."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா இல்ல."

"தம்பி, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா."

"அதானே பார்த்தேன்" என்று செக்கரம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்தச் சண்டை வந்தாலும் தன்னை ஒரு மூலையில் நகர்த்தி வைத்துவிட்டதுபோல் இருந்துகொள்வார்.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது இவள்தான். இந்த வயதில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, விவரம் தெரிந்த பிள்ளையாகக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டதும் இவள்தான். விவரம் கொஞ்சநஞ்சமாகவா வந்து சேர்ந்தது! பெண்ணுக்கு வயது பதினைந்து. இதற்கு முன் நான்கைந்து வீடுகளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு வந்தவள். பாத்ரூம் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, உடையாமல் வாஷிங் மெஷின் மேல் அடுக்கி வைத்துவிட்டு, இரண்டாவது மாடியிலிருந்து குழாயைப் பிடித்து இறங்கிப் போவாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கால்களை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்து, கீழே நிற்பவர்கள் அலறுவதை வேடிக்கை பார்ப்பாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில் ஒரு பைக்கின் பின்னால் ஏறிக்கொள்வாள்.

அந்த பைக்தான் செக்கரம்மாவைத் தூங்கவிடாமல் செய்தது. ஓட்டுகிறவனுக்கு அவளைப் போல் இரண்டு மடங்கு வயது. பஸ் ஜன்னல் வழியாகச் செக்கரம்மாவே ஒருநாள் பார்த்துவிட்டாள். சிக்னலில் பைக் நின்றது. பின்னால் இருந்த பெண் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, ஓடிவந்த ஒருவனிடம் நீட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டது. பொட்டலத்தில் இருந்தது பென்சில் டப்பா என்று நம்புகிற அளவுக்குச் செக்கரம்மா சின்னக் குழந்தை இல்லை.

பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொழில் புத்தி எங்கே போகும்? அன்று சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடத்தினாங்க?"

"கணக்கு."

"டீச்சர் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன கலர் டிரெஸ் போட்டிருந்தாங்க?"

"நீலம்."

"அவங்க ரெண்டு நாளா லீவுன்னு ஸ்கூல் ஆபீஸ்ல சொன்னாங்களே."

பெண்ணின் கை தட்டில் நின்றது. பஸ்ஸில் பொய் உடைகிற அந்த நொடியில் வரும் ஒரு குட்டிச் சந்தோஷம் செக்கரம்மாவுக்கு இப்போதும் வந்தது. உடனேயே அது நாக்கில் கசந்தது.

"தெரிஞ்சே எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் பெண். "நான் பொய் சொல்றதைப் பார்க்க அவ்வளவு ஆசையா?"

"நீ நிஜம் சொல்றியான்னு பார்க்கறேன்."

"பார்த்தாச்சில்ல? அபராதம் எவ்வளவு?"

"ஏய், வாயை அடக்கிப் பேசு."

"முதல்ல நீங்க அடக்குங்க. இந்த வீட்டுல மூச்சு விட்டா ஒரு கேள்வி. தும்மினா ரெண்டு."

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் அறைக் கதவை ஓங்கிச் சாத்தினாள். கணவர் மெதுவாக, "நீதான் சிக்னல்ல பார்த்தியே, நேரா அதைச் சொல்லியிருக்கலாமில்ல" என்றார். "நீங்க முதல்ல அந்தத் தண்ணி ஜக்கை மூடி வைங்க" என்று அவர்மேல் பாய்ந்தாள் செக்கரம்மா. வேறு யார்மேல் பாய்வது?

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. அது தூங்கும்போது முகத்தில் இருக்கிற முரட்டுத்தனம் எல்லாம் வடிந்துபோய், ஏதோ கேட்க வந்து மறந்துவிட்ட பிள்ளை மாதிரி இருக்கும். கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பூனைபோல் வருவாள். காலையில் அதே வாய் "எழுந்திருக்க மனசு வந்துச்சா?" என்று ஆரம்பிக்கும். ஆசையைச் சொல்கிற வழி தெரியாமல் போனது அவளுக்கு வாய்த்த சாபக்கேடு. அதற்காக யாரும் அவளுக்குப் பரிந்துகொண்டு வரவில்லை, வரவும் வேண்டியதில்லை.

பெண் ஒரு நாளும் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. அக்கா, ஆன்ட்டி, மேடம் எதுவும் இல்லை. தேவைப்பட்டால் "ஹலோ" என்பாள். ஆனால் சாப்பாட்டு மேசையில் செக்கரம்மா அன்றன்று பிடிபட்டவர்களின் கதையைக் கணவரிடம் அளக்கும்போது மட்டும் எழுந்து போகமாட்டாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு மெதுவாக மென்றுகொண்டிருப்பாள். கோட்டு சூட்டோடு படிக்கட்டில் ஒளிந்தவன், தூங்குவதுபோல் நடித்து நிஜமாகவே தூங்கிப்போனவன், ஒரு தடவை செக்கர் கையில் மாட்டினால் வீட்டு ஆள் வந்து கூட்டிப்போகும்வரை டெர்மினஸ் அறையைவிட்டு ஒரு அடி நகர முடியாது என்று தெரியாமல் ஜன்னல் வழியே குதிக்கப் பார்த்தவன். இப்படிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.

வகுப்பு முடிந்த மறு வாரம் நலத்துறை அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஒல்லியான பெண்மணி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பார். பாத்ரூம் ஜன்னலைப் பார்த்தார், மாடிச் சுவரைப் பார்த்தார், டீ வேண்டாம் என்றார்.

"இதுவரைக்கும் ரெண்டு தடவை காணாம போயிருக்கா. மூணாவது தடவைன்னா பூட்டு விடுதிதான். அதுல என் இஷ்டம் எதுவும் இல்ல."

பூட்டு விடுதி என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே, கம்பிக் கதவுக்குப் பின்னால், பதினெட்டு முடியும்வரை. போன பிள்ளைகள் திரும்பி இந்த மாதிரி வீடுகளுக்கு வந்ததாகக் கேள்வி இல்லை.

"நீங்க என்ன, பிள்ளையைக் காப்பாத்த வந்தவங்களா, பிடிச்சுட்டுப் போக வந்தவங்களா?" என்றாள் செக்கரம்மா.

"போன வருஷம் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரி பிணவறையில போய் நான்தான் அடையாளம் காட்டினேன். அதை வளர்த்தவங்க விஷயத்தை ஒரு நாள் முழுக்க என்கிட்ட மறைச்சு வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் நான் யாருக்கும் நல்லவளா இருக்கறதை விட்டுட்டேன்." அதிகாரி எழுந்தார். "காணோம்னா ஒரு மணி நேரத்துக்குள்ள எனக்குச் சொல்லணும். சொல்லாம விட்டா பிள்ளை வளர்க்கற உங்க உரிமமும் போயிடும். வகுப்புல சொன்னதையாவது செய்யறீங்களா?"

"செய்யறேன், செய்யறேன்" என்று செக்கரம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அறைக்குள்ளிருந்து பெண் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். அன்று மாலை அவளே வந்து மேசை எதிரில் நின்றாள். "ஹலோ. பூட்டு விடுதிக்கு என்னை அனுப்பறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பேக் பண்ணணும்."

"யாரு அனுப்பறா உன்னை? நீயே கழுத்துல கயிறு மாட்டிட்டுப் போற. அந்த பைக்காரன் யாரு?"

"தெரியாது."

"தெரியாதவன் பின்னாடிதான் ஏறிப் போவியா?"

"ஆமா" என்று திரும்பிப் போய்விட்டாள். மறுபடி கேள்வி, மறுபடி பொய். செக்கரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அவள் பிடிவாதக்காரி. அந்த ஒற்றை வார்த்தையை வாய்க்குப் பழக்கிவிடுவது என்று முடிவு கட்டினாள். கணவர் வேலைக்குப் போன இடங்களிலிருந்து ஃபோன் செய்வார். இவள் எடுத்ததும் "வர்றேன்" என்று சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதல் நாள் அவர் கூப்பிட்டபோது, "எங்க இருக்கீங்க? என்ன அங்க ஒரே சத்தம்?" என்றாள். இரண்டாம் நாள், "இது யார் நம்பர்?" என்றாள். மூன்றாம் நாள் ஒரு வழியாக "வர்றேன்" வந்தது. அன்று உண்மையிலேயே அவருடைய ஸ்பேனர் பெட்டி வீட்டில் மறந்துபோயிருந்தது. "சரி, வா" என்றார் அவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வாரத்தில் வீட்டில் எல்லாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அறைக்குள்ளிருந்துகூட ஒரு களுக் சத்தம் கேட்டது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம். பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. ஒரு கண்ணாடிக்காரன் பழைய டிக்கெட்டைக் காட்டிச் செக்கரம்மாவுக்கு டிமிக்கி கொடுக்கப் பார்த்தான்.

"எந்த ஸ்டாப்புல ஏறினீங்க?"

"முன்னாடி ஸ்டாப்புல."

"எது முன்னாடி? பேர் சொல்லுங்க."

அவன் விழித்தான். சாயம் வெளுக்கப் போகிற நேரத்தில் கையிலிருந்த ஃபோன் அடித்தது. தெரியாத எண். கண்ணை அவன்மேல் வைத்துக்கொண்டே எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ" என்றது குரல். அந்த ஹலோவை அவள் ஆயிரம் பேர் நடுவிலும் கண்டுபிடிப்பாள். மூச்சு இரைத்தது.

"யாரு ஃபோன் இது? எங்க இருக்க நீ? ஸ்கூல் டைம்ல எங்க சுத்தற?"

மூன்று கேள்விகள். பல்லைக் கடித்துப் பழகிய அந்த ஒற்றை வார்த்தை எங்கே போய் ஒளிந்துகொண்டதோ!

அந்தப் பக்கம் ஒரு நொடி மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

செக்கரம்மா கண்ணாடிக்காரனை மறந்தாள். அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டாள். ஜெராக்ஸ் கடைக்காரப் பெண் எடுத்தாள். "ஒரு பொண்ணு ஃபோன் கேட்டு வாங்குச்சு. உதடு கிழிஞ்சிருந்துச்சு, ரத்தம். யாரோ பைக்ல வந்தவன் வெளியில நின்னுட்டே இருந்தான். இது பின்பக்கமா ஓடிடுச்சு. நீங்க அம்மாவா?"

செக்கரம்மா கடை இருக்கிற இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கண்ணாடிக்காரன் தப்பித்தான். ஆட்டோ பிடித்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள், பின்பக்கச் சந்தில் ஓடினாள், சந்து முட்டுகிற பெரிய தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாய் மாதிரி ஓடினாள். "பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு, பார்த்தீங்களா?" என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் கேட்டாள். அவளுக்குத் தெரிந்ததே கேட்பது ஒன்றுதானே! யாரும் பார்க்கவில்லை.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கணவருக்கு ஃபோனில் சொன்னாள். அவர், "இப்பவே வண்டியை எடுத்துட்டு வர்றேன்" என்றார். முதல் வார்த்தையாக வராவிட்டாலும் முதல் வாக்கியத்திலேயே அவருக்கு அந்த 'வர்றேன்' வந்துவிட்டது. இவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

அதிகாரிக்குச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் மூன்றாவது தடவை. பூட்டு விடுதி. சொல்லாவிட்டால், உதடு கிழிந்த பிள்ளை, துரத்துகிற பைக். பிணவறையில் அடையாளம் காட்டிய அந்த முகம் கண்முன் வந்து நின்றது. செக்கரம்மா ஃபோனை எடுத்துத் தன் கையாலேயே அந்த எண்ணை அழுத்தினாள். "காணோம்" என்றாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கூட வேலை செய்கிற இன்னொரு செக்கர் கூப்பிட்டார். ஆளைவிட மீசை பெரிது என்பதால் அவரை எல்லாரும் மீசை என்பார்கள்.

"அக்கா, டெர்மினஸ் ரூமுக்கு வாங்க. உங்க பொண்ணு இங்கதான் இருக்கு. டிக்கெட் இல்லாம மாட்டிருச்சு."

டெர்மினஸ் அறை என்பது பஸ் நிற்கும் ஷெட்டின் கோடியில், ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு காற்றாடி. அந்தப் பெஞ்சில் செக்கரம்மா எத்தனையோ பேரை உட்கார வைத்திருக்கிறாள். இன்று அதில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் யாரோ கொடுத்த ஈரத் துணி. செக்கரம்மா உள்ளே நுழைந்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மீசை அவளை வெளியே அழைத்துச் சொன்னார். "எனக்கு இந்தச் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நடந்ததில்லக்கா. நான் கேக்கவே இல்ல. நான் செக் பண்ணிட்டிருந்த பஸ்ல ஏறி, அதுவே நேரா என்கிட்ட வந்து, 'என்கிட்ட டிக்கெட் இல்ல, என்னைப் பிடிங்க'ன்னுச்சு. சரி, போம்மா, எடுத்துக்கன்னேன். 'இல்ல, பிடிச்சே ஆகணும், ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, வீட்டு ஆள் வராம விடக் கூடாது'ன்னு என் சட்டையைப் பிடிச்சுக்கிச்சு. பின்னாடியே ஒரு பைக் வந்துட்டு இருந்துச்சு. கேட் வரைக்கும் வந்தான். நம்ம ஆளுங்க நாலு பேர் இறங்கினதும் திரும்பிட்டான். வண்டி நம்பரை எழுதி வச்சிருக்கேன்."

"வீட்டு ஆள் யாருன்னு சொன்னா?"

"யாரும்மா உனக்குன்னு கேட்டேன். 'வளர்க்கற மாதிரி ஒருத்தங்க'ன்னுச்சு. உங்க அடையாளமும் சொல்லுச்சு. என்ன அடையாளம்னு கேக்காதீங்க, மரியாதையா இருக்காது."

செக்கரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னிடம் ஃபோனில் கிடைக்காத ஒன்றை அந்தப் பிள்ளை முன்பின் தெரியாத ஒரு மீசைக்காரனின் சட்டையில் தேடிப் பிடித்திருக்கிறது. கேள்வி கேட்கிறவளிடமிருந்து தப்பி, பிடித்துவைக்கிறவனிடம் போயிருக்கிறது.

நலத்துறை வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்றபோதுதான் தான் செய்யாமல் விட்ட காரியம் செக்கரம்மாவுக்கு உறைத்தது. பிள்ளை பத்திரமாகக் கிடைத்ததை அதிகாரிக்குச் சொல்ல நினைவு வரவில்லை. அதிகாரி டிப்போவில் விசாரித்து, மீசையிடம் விவரம் தெரிந்துகொண்டு நேராக இங்கேயே வந்துவிட்டார். வண்டியில் பெண் காவலர் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பெஞ்சிலிருந்த பெண் வண்டியைப் பார்த்தாள். பிறகு செக்கரம்மாவைப் பார்த்தாள். "நீங்களா சொன்னீங்க?"

"ஆமா. நான்தான்."

"நல்லா இருங்க" என்றாள் பெண். அதைவிடக் கேவலமாகச் செக்கரம்மாவை இதுவரை யாரும் திட்டியதில்லை.

அதிகாரி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "எழுந்திரு. சாமான்களை அப்புறம் வாங்கிக்கலாம்."

செக்கரம்மா கதவை மறித்து நின்றாள். "அவ ஓடிப் போகலை. ஓடி வந்திருக்கா. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"மூணாவது தடவை காணோம்னு தகவல் கொடுத்தது நீங்க."

"கொடுத்தது நான்தான், இல்லைன்னு சொல்லலை. ரத்தம்னு கேட்டதும் எனக்குக் கை கால் ஓடலை. அதுக்காக இவளைக் கம்பிக்குள்ள வைப்பீங்களா? அந்த பைக்காரன் வெளியில சுத்தறான், அவனை விட்டுட்டு இவளைப் பூட்டுவீங்க. ரொம்ப நல்ல ஏற்பாடு."

"அவன் யாரு? எங்க இருக்கான்? இவளை எதுக்கு அடிச்சான்?" அதிகாரியின் குரலும் ஏறியது. "இது மூணும் தெரிஞ்சா போலீஸ்ல புகார் கொடுத்து இவளை உங்க வீட்டுலயே விட என்னால மேலிடத்துல வாதாட முடியும். தெரியலைன்னா எந்த நம்பிக்கையில விடறது? முன்னாடி காணாம போன ரெண்டு தடவையும் நான் கேட்டேன், வாயே திறக்கலை. நீங்க கேளுங்க. உங்க தொழிலே அதுதானே."

பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் முதுகு விறைத்திருந்தது. கேள்வி வரும் என்று அந்த முதுகு காத்திருந்தது.

செக்கரம்மாவுக்குத் தெரியும், எப்படி வாங்குவது என்று. சின்னதாக ஆரம்பித்து, சுற்றி வளைத்து, ஒரு பொய்யை விழவைத்து, அதைக் காட்டி அடுத்ததைப் பிடுங்கி, கால்மணி நேரத்தில் எல்லாவற்றையும் கறந்துவிடலாம். எத்தனை கில்லாடிகளை இதே பெஞ்சில் உடைத்திருக்கிறாள்! இந்தப் பிள்ளையையும் உடைக்கலாம். பூட்டு விடுதியிலிருந்து காப்பாற்றலாம். உடைத்த பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போவது யாரை?

"நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

"என்னது?"

"கேக்க மாட்டேன். இத்தனை நாள் கேட்டுக் கேட்டுத்தான் இங்க வந்து நிக்கறோம்."

"அப்ப நான் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

செக்கரம்மா கதவைவிட்டு நகரவில்லை. அதிகாரி பெண்ணின் தோளைத் தொட்டார்.

"நான் சொல்றேன்" என்றாள் பெண். ஈரத் துணிக்குப் பின்னாலிருந்து குரல் மழுங்கி வந்தது. "எல்லாத்தையும் சொல்றேன். இவங்க வெளியில போகட்டும்."

"நான் உன்னை ஒண்ணும்..." என்று தொடங்கினாள் செக்கரம்மா.

"வெளியில போங்க."

போனாள். தன் வேலை அறையிலிருந்து, தன் பெஞ்சிலிருந்து, யாரோ ஒரு சிடுசிடுத்த பெண்மணியிடம் தன் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஷெட்டில் பஸ்கள் வந்தன, போயின. கணவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். "உள்ள என்ன நடக்குது?" என்றார். "தெரியாது" என்றாள். அவள் வாயிலிருந்து இந்தப் பதிலை அவர் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து பேச்சு சன்னமாகக் கேட்டது. ஒரு தடவை அழுகை எழுந்து அடங்கியது. செக்கரம்மாவின் கை கதவுப் பிடிவரை போனது. காதை வைத்தால் கேட்டுவிடும், மெல்லிய பலகைதான். அவள் கதவைவிட்டுத் தள்ளிப்போய், பஸ் எஞ்சின் சத்தம் காதை அடைக்கிற இடத்தில் நின்றாள்.

அதிகாரி வெளியே வரும்போது முகம் கன்றிப் போயிருந்தது. காவலரை அழைத்துத் தனியாக ஏதோ சொன்னார். மீசையிடம் வண்டி எண்ணை வாங்கிக்கொண்டார். பிறகு இவர்களிடம் வந்தார்.

"இன்னைக்கு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மேல நான் பேசிக்கறேன். என்ன சொன்னான்னு உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அது அவளுக்கும் எனக்கும்."

"வேண்டாம். சொல்ல வேண்டாம்."

"ஒண்ணை மட்டும் உங்ககிட்ட சொல்லச் சொன்னா." அதிகாரி கொஞ்சம் தயங்கினார். கருணையாலா, அல்லது ஓங்குவதற்கு முன் குறி பார்ப்பதாலா என்று தெரியவில்லை. "இவ்வளவு மோசமானவன்னு தெரிஞ்சும் அவன் பின்னாடி ஏன் போனேன்னு கேட்டேன். அவன் ஒருத்தன்தான் என்கிட்ட எதையும் கேட்டதில்லன்னு சொன்னா."

கணவர் செக்கரம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உதறிவிட்டு உள்ளே போனாள். பெண் பெஞ்சிலேயே இருந்தாள். கண்கள் வீங்கி, உதடு வீங்கி, யாரோ அடித்துப்போட்ட மாதிரி. அடித்ததில் தன் பங்கு எவ்வளவு என்று செக்கரம்மாவுக்கு இப்போது தெரியும். அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"நீங்க அழுதாலும் நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றாள் பெண்.

"சொல்லாத."

"நாளைக்கும் சொல்ல மாட்டேன்."

"சரி."

பெண் வெகுநேரம் அவளையே பார்த்தாள். நம்பவில்லை. நம்ப என்ன இருக்கிறது? துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வீட்டுக்கு எழுந்து வருவாளா மாட்டாளா என்று கேட்கச் செக்கரம்மாவின் நாக்கு துடித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு, பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள்.